மல்லரை வளர்க்கும் களரி

வன்னிப் பெருநிலத்தின் மேற்குப் பக்கத்தில், கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவில், ஜெயபுரம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. காடு வெட்டிக் கழனி திருத்தியவர்களின் ஊர் அது. 2008ஆம் ஆண்டில் போர் அப்பகுதியைச் சூழ்ந்தபோது மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். போர் ஓய்ந்தபின் திரும்பிவந்து பற்றை வெட்டிக் கிணறு இறைத்து மறுபடியும் வாழ்க்கையைத் தொடங்கினர். இத்தகைய ஊர்களில் வளரும் பிள்ளைகளிடம் உடல்வலிமைக்குக் குறைவில்லை. மண்வெட்டி பிடித்த கையும் நெல்மூடை சுமந்த தோளும் அங்கே சாதாரணம்.

வன்னிச் சிறுவர் பலர் இன்று தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் அமெரிக்க மற்போரைக் கண்டு வியக்கின்றனர். வெளிச்சம் பாய்ச்சிய மேடையும், மலைபோன்ற மல்லரும், ஆரவாரிக்கும் கூட்டமும் அவர்கள் கண்ணைக் கவர்கின்றன. ஆனால், அவர்கள் காண்பது விளைந்த கதிரை மட்டுமே. விதை எங்கே இடப்பட்டது, நாற்று எங்கே வளர்ந்தது, எத்தனை நாற்று வாடிப்போயிற்று என்பவை அந்தத் திரையில் தோன்றுவதில்லை. தொழில்முறை மல்லர் எவ்வாறு உருவாக்கப்படுகின்றனர், அவ்வளர்ப்பில் நன்மை எது, தீமை எது என்பவற்றை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமாகும்.

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூறு பேசுகிறது. அவ்வரசனுடைய பெயரில் வரும் ‘போரவை’ என்ற சொல்லுக்குப் போர்ப்பயிற்சி நிகழும் அவை என்று பொருள் கொள்வாரும் உளர். அப்பொருள் கொள்ளுமிடத்து, வென்ற வீரனுடைய பெயரோடு அவன் பயின்ற இடமும் சேர்ந்து நிற்கிறது என்பது கருதத்தக்கது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ எனப் பட்டம் பூண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

வட இந்தியாவிலே இப்பயிற்சிக் கூடத்துக்கு ‘அகாரா’ என்று பெயர். எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்திய மண்ணில் பயில்வான்கள் புரண்டெழுவர். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்பன அவர்களுடைய அன்றாடப் பாடங்கள். காமா என்று உலகறிந்த குலாம் முகமது இம்மரபின் முடிமணி. அவர் 1910ஆம் ஆண்டில் லண்டனில் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவோடு வெற்றி தோல்வியின்றிப் பொருதார். 1928இல் பட்டியாலாவில் அதே மல்லரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். இத்தகைய பயில்வான்களுக்குப் பாலும் நெய்யும் பாதாமும் அளித்துக் காத்தவர்கள் சமத்தான மன்னர்கள். 1947ஆம் ஆண்டுக்குப்பின் மன்னராட்சிகள் மறைந்தன; அவர்கள் அளித்த ஆதரவும் மறைந்தது. அதன்பின் மல்லன் தன் வாழ்வுக்கு நுழைவுச் சீட்டு வாங்கும் பொதுமக்களை நம்ப வேண்டியவனானான்.

அந்த மாற்றத்தின் உருவமாக விளங்கியவர் தாரா சிங். 1928இல் பஞ்சாபில் பிறந்த அவர் 1947ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றார். தகரப் பீப்பாய் செய்யும் ஆலையொன்றிலே கூலி வேலை. ஓய்ந்த நேரத்தில் ‘கிரேட் வேர்ல்ட்’ அரங்கில் ஹர்நாம் சிங் என்பவரிடம் மற்பயிற்சி. பிற்காலத்தில் ஹங்கேரியில் பிறந்த பெருமல்லர் கிங்காங்கோடு அவர் பொருத காட்சிகளைக் காண ஆசிய நகரங்கள் பலவற்றில் மக்கள் திரண்டனர். 1968 மே மாதத்தில் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸை வென்று உலக வீரர் என்ற பட்டமும் பெற்றார். ஆலைத் தொழிலாளி ஒருவர் உலக வீரரானதற்கு அவரது உடல் மட்டும் காரணமன்று. வேலை செய்யும் ஊரிலேயே ஒரு பயிற்சிக் கூடமும், கற்பிக்க ஓர் ஆசிரியரும், பழகிப் பார்க்கச் சிறு மேடைகளும் அவருக்குக் கிடைத்தன. இந்த மூன்றும் ஒருங்கு சேராதவிடத்தில் எத்துணை வலிமையும் வீணாகிவிடும்.

தொழில்முறை மற்போர் எத்தகையது என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதன் வெற்றி தோல்விகள் முன்னரே தீர்மானிக்கப்படுபவை. 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முதன்மையான மற்போர் நிறுவனமே நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் தன் தொழில் ஒரு கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. ஆயினும், முடிவு முன்னறியப்பட்டதாயிருப்பதால் விழுகையும் பொய்யென்று எண்ணுதல் தவறு. மேடையின் அடியில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும், அதன்மேல் மெல்லிய பஞ்சணையும் துணியுமே உள்ளன. அதன்மேல் ஒருவன் தூக்கியெறியப்படும்போது அவன் உடல் தாங்கும் அதிர்ச்சி உண்மையானது.

ஆகவே மாணவனுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம் வீழ்த்துவதன்று, விழுவதே. மோவாயை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே வேளையில் தரையைத் தொட வேண்டும். கைகள் இரண்டும் விரிந்து தரையை அறைய வேண்டும். மூச்சை அடக்காது வெளியேவிட வேண்டும். இவ்வாறு விழும்போது அடியின் வேகம் ஓரிடத்தில் குவியாமல் உடலெங்கும் பரவுகிறது. தலை தனியே பின்சென்று மோதுமாயின் மூளை குலுங்கும். இந்த ஒரு பாடத்தை ஆயிரமுறை பழகியபின்னரே பிடியும் எறியும் கற்பிக்கப்படுகின்றன. எதிரியாக நிற்பவனுடைய உடலைத் தன் உடலைப்போற் காத்தல் இரண்டாவது பாடம். தூக்குகிறவன் கையிலே தூக்கப்படுகிறவனுடைய கழுத்து இருக்கிறது. மேடையிலே பகைவர்போல் தோன்றும் இருவரும் உண்மையில் ஒருவர் உயிரை மற்றவரிடம் ஒப்படைத்தவர்களாவர்.

இது ஈழத்துக் கூத்து மரபை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கோவலன் கூத்தோ காத்தவராயன் கூத்தோ ஒரே இரவில் மேடையேறுவதில்லை. அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து கொடுப்பார். பகலெல்லாம் வயலிலே நின்றவர்கள் இரவிலே கூடித் தாளமும் ஆட்டமும் பழகுவர். மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். ஒப்பனையில்லாது ஆடிப்பார்க்கும் ‘வெள்ளுடுப்பு’ என்ற ஒத்திகையும் சில இடங்களில் உண்டு. ஊரார் வந்திருந்து குற்றங் குறை சொல்வர். அதன்பின்னரே அரங்கேற்றம். கதையின் முடிவு அனைவருக்கும் தெரியும்; எனினும் ஆடுபவனுடைய வியர்வை பொய்யாவதில்லை. தொழில்முறை மற்போரில் வளர்ப்புக் கழகம் என்பது இந்த வெள்ளுடுப்புக்கு நிகரானது.

அமெரிக்காவில் முற்காலத்து மல்லர் ஊரூராகச் சென்று, சிறு மண்டபங்களில் பொருது தொழில் கற்றனர். அந்தந்தப் பிரதேசத்துக்கென்று தனித்தனி நிறுவனங்கள் இருந்தன. 1980களில் ஒரே நிறுவனம் நாடு முழுவதையும் தன் சந்தையாக்கிக்கொள்ளத் தொடங்கியபோது அச்சிறு நிறுவனங்கள் நலிந்தன. அவை மறைந்தபின் புதிய மல்லரைப் பயிற்றும் இடங்களும் குறைந்தன. கிளைகளைத் தன்வசமாக்கிய மரம் வேரையும் தானே வளர்க்க வேண்டியதாயிற்று. அதன் விளைவாகவே வளர்ப்புக் கழகங்கள் தோன்றின.

இன்று டபிள்யூ. டபிள்யூ. ஈ. எனப்படும் அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலிருந்த ஒஹாயோ வேலி மற்போர்க் கழகத்தைத் தன் பயிற்சிக் களமாகக் கொண்டது. ஜான் சீனா, பிராக் லெஸ்னர், ராண்டி ஆர்ட்டன், பட்டீஸ்டா என்ற நால்வரும் அங்கே பயின்று 2002ஆம் ஆண்டில் பெருமேடையில் அறிமுகமாயினர். பின்னர் புளோரிடாவில் வேறொரு கழகம் அப்பணியை ஏற்றது. அதுவே 2012ஆம் ஆண்டில் ‘என்.எக்ஸ்.டி.’ என்ற பெயருக்கு மாறியது. 2013 ஜூலையில் ஒர்லாண்டோ நகரில் ஏழு மேடைகள் கொண்ட பெரிய பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. அங்கே பிடியும் வீழ்ச்சியும் மட்டுமன்றிப் பேசும் முறை, நிற்கும் முறை, ஒளிப்படக் கருவியின் முன் முகங்காட்டும் முறை ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன. வாரந்தோறும் சிறு கூட்டத்தின் முன் பொருது பார்க்கும் வாய்ப்பும் உண்டு. பயிலும் காலத்திலேயே ஊதியமும் அளிக்கப்படுகிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு இஃது ஒன்றே பெரிய வேறுபாடு. சாதாரண மற்போர்ப் பள்ளியில் மாணவன் பணங்கட்டிக் கற்கிறான். இங்கே பணம் பெற்றுக்கொண்டு கற்கிறான்.

ஜப்பானிய முறை இதனின்றும் வேறானது. அந்நாட்டில் தொழில்முறை மற்போரை வேரூன்றச் செய்தவர் கொரியாவில் பிறந்த ரிக்கிடோசான். பிரேசில் நாட்டுக் கோப்பித் தோட்டத்தில் வேலை செய்த குடியேற்ற இளைஞன் ஒருவனை அவர் 1960ஆம் ஆண்டில் கண்டு ஜப்பானுக்கு அழைத்துவந்தார். அவ்விளைஞனே பிற்காலத்தில் புகழ்பெற்ற அந்தோனியோ இனோக்கி. 1972இல் இனோக்கி நிறுவிய நியூ ஜப்பான் கழகத்தில் புதியவர்களுக்கு ‘இளஞ்சிங்கம்’ என்று பெயர். அவர்கள் பயிற்சி இல்லத்திலேயே தங்கிச் சமைத்துப் பெருக்கி மூத்தவர்களுக்கு உதவி செய்கின்றனர். அலங்கார உடை அவர்களுக்கு இல்லை. கறுப்புக் காற்சட்டையும் கறுப்புச் சப்பாத்துமே உடை. பகட்டான வித்தைகளுக்கும் அனுமதியில்லை. அடிப்படைப் பிடிகளைக் கொண்டே கூட்டத்தின் மனத்தைக் கவர வேண்டும். பின்னர் வெளிநாட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கிருந்து திரும்பும்போதுதான் தமக்கென ஒரு பெயரும் கோலமும் பெறுகின்றனர். உடையைக் களைந்துவிட்டு ஆளைப் பார்க்கும் முறை இது.

மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் பல உள்ளன. தோட்டத்திலே கூலிவேலை செய்த ஒரு பிள்ளையை ஆசிரியரொருவர் கண்டெடுத்த வரலாறு அக்குடும்பங்களுக்கு ஆறுதலளிப்பதாகும். ஆனால், அந்த வரலாற்றில் மற்றொன்றும் இருக்கிறது. ரிக்கிடோசான் பிரேசிலுக்குச் சென்றிராவிட்டால் இனோக்கி கோப்பி பறித்துக்கொண்டே முதுமையடைந்திருக்கலாம். தேடி வருபவர் வராத ஊர்களில் எத்தனை பேர் அறியப்படாமலே போயினர் என்பதற்குக் கணக்கில்லை.

வலிமையும் பதக்கமும் மட்டும் ஒருவனை இத்தொழிலில் நிலைநிறுத்தா என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மற்போரில் தங்கம் வென்ற கேர்ட் ஆங்கிள் 1999இல் தொழில்முறை மேடையேறி, ஓராண்டுக்குள் அந்நிறுவனத்தின் தலைமைப் பட்டத்தையே பெற்றார். தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சன் 2021இல் அதே நிறுவனத்தில் சேர்ந்தார். பெருமேடையில் வேரூன்றாமலே 2024இல் விடுவிக்கப்பட்டார். இருவரும் ஒலிம்பிக் வீரரே. எதிரியை வெல்லும் கலை வேறு. எதிரியோடு கூடிக் கூட்டத்துக்கு ஒரு கதை சொல்லும் கலை வேறு. இரண்டாவது கலை சிலருக்கு விரைவில் வருகிறது, சிலருக்கு வருவதேயில்லை.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. ‘கிரேட் காளி’ என்று பெயர்பெற்ற தலீப் சிங் ராணா 2007இல் அமெரிக்க மேடையில் உலகப் பட்டம் வென்றவர். அவர் 2015ஆம் ஆண்டில் பஞ்சாபின் ஜலந்தர் நகரில் மற்போர்ப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்களுள் ஒருவர் அரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி. பாரந்தூக்கும் வீராங்கனையாகிய அவர் 2016ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றவர். 2017இல் அமெரிக்க நிறுவனம் நடத்திய பெண்கள் போட்டியில் சல்வார் கமீஸ் உடையிலேயே மேடையேறினார். அந்நிறுவனத்தின் மேடையில் பொருத முதல் இந்தியப் பெண் அவரே. அதே ஆண்டில் வளர்ப்புக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 2021இல் விடுவிக்கப்பட்டார். திருமணமும் தாய்மையும் கண்டபின் இத்துறையில் இறங்கிய பெண் அவர். ஊர்வாய்க்கு அஞ்சாது அவர் ஏறிய படியைப் பாராட்டும் அதே வேளையில், அந்தப் படி எவ்வளவு எளிதில் காலின்கீழிருந்து அகற்றப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வளர்ப்புக் கழகத்தின் மறுபக்கம் இதுதான். சேர்த்துக்கொள்ளப்படுபவர் பலர், பெருமேடையை எட்டுபவர் சிலர். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தின் தொடக்கத்தில், அந்நிறுவனம் ஒரே நாளில் மல்லரும் பயிற்சியாளருமாகப் பலரை வெளியேற்றியது. மல்லர் அங்கே ஊழியர்களாகக் கருதப்படுவதில்லை. தனி ஒப்பந்தக்காரர்களாகவே கணிக்கப்படுகின்றனர். அவர்களுக்கென்று தொழிற்சங்கமும் இல்லை. மேடையில் ஏற்படும் காயத்துக்கு நிறுவனம் சிகிச்சை செய்விக்கிறது; ஏனைய உடல்நலக் காப்பீட்டை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும். இருபது வயதில் படிப்பை விட்டு இத்தொழிலில் இறங்கி, இருபத்தைந்தில் காயத்தோடு வீடு திரும்பும் இளைஞனுக்குக் கைகொடுப்பார் யார் என்பது அந்நாட்டிலேயே தீராத வினாவாக இருக்கிறது.

அதனினும் பெரிய ஆபத்து பயிற்சியின்போதே நேர்வதுண்டு. 2001ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள மற்போர்ப் பள்ளியொன்றில் மாணவரொருவர் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு உயிரிழந்தார். முன்னரும் ஒருமுறை அவருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. அதன்பின்னரும் அவர் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டார். குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டில் நடுவர் குழு அப்பள்ளியைப் பொறுப்பாளியெனத் தீர்த்து, பதின்மூன்று இலட்சம் டாலருக்கு மேல் நட்டஈடு வழங்கப் பணித்தது. பணம் மகனைத் திருப்பித் தராது. முதலடி ஆறுவதற்குமுன் இரண்டாவது அடி விழுமாயின் மூளை தாங்காது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் உண்மை. ‘ஆண்பிள்ளை இதைத் தாங்கமாட்டானா’ என்ற ஏளனச் சொல் பயிற்சிக் கூடத்தில் ஒலிக்குமாயின், அங்கே கற்பிப்பது வீரமன்று, அறியாமை. கண்டிப்பு என்ற பெயரில் கொடுமை செய்வதற்கும் இத்தொழிலில் இடமுண்டாகிறது. ஒர்லாண்டோ நிலையத்திலேயே மாணவர்களைத் துன்புறுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தலைமைப் பயிற்சியாளர் 2015ஆம் ஆண்டில், குற்றத்தை மறுத்தவாறே, பதவி விலகினார்.

இவையனைத்தும் வன்னிக்கு என்ன பாடம் தருகின்றன? தொழில்முறை மற்போருக்கு இலங்கையில் நிலையான மேடை இல்லை. ஆயினும் விளையாட்டு மற்போருக்கு இடமுண்டு. பாடசாலைகளுக்கிடையே போட்டிகளும் உண்டு. 2022ஆம் ஆண்டில் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கையின் நெத்மி பொருதொட்டகே பெண்களுக்கான 57 கிலோகிராம் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அதே ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் நடந்த சவேட் குத்துச்சண்டைப் போட்டியில் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கப் பதக்கம் பெற்றார். வன்னி மண்ணில் விதை இல்லை என்று இனி எவரும் சொல்ல இயலாது.

இல்லாதது நாற்றுமேடை. மிளகாய்க் கன்றை எடுத்த எடுப்பிலே வெட்டவெளியில் நடுவாரில்லை. முதலில் மேடை கட்டி, விதை தூவி, வெயிலுக்கு மறைப்பிட்டு, பூவாளியால் நீர் தெளிப்பர். கன்று தேறியபின்னரே பிடுங்கி நடுவர். ஒரு பிரதேசத்துக்கு ஒரு மெத்தை விரித்த மண்டபம், முறையாகக் கற்ற ஓர் ஆசிரியர், மாதந்தோறும் உடலைப் பார்க்கும் ஒரு மருத்துவர், அயற்கிராமங்களோடு பழகிப் பொருவதற்குச் சிறு போட்டிகள் ஆகிய நான்கும் இருந்தால் ஜெயபுரம்போன்ற ஊர்களிலிருந்து மல்லர் வருவர். மண்டபம் ஓலைக்கொட்டிலாக இருந்தாலும் குற்றமில்லை. மெத்தை மட்டும் மெய்யான மெத்தையாக இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அங்கே தனி நேரமும் பாதுகாப்பும் வேண்டும். அவர்களுக்குப் பெண் ஆசிரியை ஒருவர் கிடைப்பின் பெற்றோரின் தயக்கம் பாதி நீங்கிவிடும்.

பெற்றோரும் சில காரியங்களில் உறுதியாக நிற்க வேண்டும். பிள்ளை பள்ளிப் படிப்பை விடாது பயில வேண்டும். தலையில் அடிபட்டால் மருத்துவர் அனுமதிக்கும்வரை மேடையேற்றக் கூடாது. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அழைப்பு வருமாயின், எழுத்திலுள்ள ஒப்பந்தத்தைப் படித்தறியாமல் கையொப்பமிடக் கூடாது. காயமுற்றால் செலவு யாருடையது, இடையில் விலக்கினால் திரும்பிவரும் வழிச்செலவு யாருடையது என்ற இரண்டு வினாக்களையாவது கேட்க வேண்டும். வெளிநாட்டு வேலை என்ற சொல்லால் ஏமாந்த குடும்பங்கள் வன்னியில் உண்டு. விளையாட்டின் பெயராலும் அத்தகைய ஏமாற்றம் நேராதிருக்க வேண்டும்.

ஒரு மல்லன் வென்று நிற்கும்போது மக்கள் அவனையே பார்க்கின்றனர். முதல்நாள் அவன் மோவாயை நெஞ்சோடு அணைக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கூத்துக் களரியில் மட்டும் அந்த வழக்கம் வேறு. வேடங் கட்டியவன் ஆடும்போது அண்ணாவியாரும் களரியிலேயே தாளத்தோடு நிற்கிறார். கால் பிசகினால் தாளத்தால் தாங்கிக்கொள்கிறார். ஊரும் முதல் மரியாதையை அவருக்கே செய்கிறது. மல்லரை வளர்க்க விரும்புவோர் முதலில் அத்தகைய ஆசிரியர்களைத் தேடி, அவர்களுக்கு ஊதியமும் மதிப்பும் அளித்து, ஊரோடு இருத்திக்கொள்ள வேண்டும்.